ஊருக்குப் பரவாத நோய்

செப்டம்பர் 22

தலைவர் ஆகிறவர் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும், தன்னைத் தானே பார்க்கப் பழக வேண்டும் என்று மன்றத்தின் பயிற்சி முகாமில் சொன்னார்கள். சரி, எழுதிவிட்டால் போகிறது. என் பெயர் சிவரஞ்சனி. வேளாண் கல்லூரியில் நான்காம் ஆண்டு. உழவர் மாணவர் மன்றத்துக்குச் செயலாளர். இன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு, பெரம்பலூர் பக்கம் மேலக்கரைப்பட்டியில் கிராமத் தங்கல் பயிற்சிக்கு வந்திருக்கும் ஆறு பெண்களுக்கும் தலைவி.

வீடு இரண்டு அறை. குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வருமாம். வந்ததும் வராததுமாக ஆளாளுக்கு எந்த மூலையில் படுப்பது என்று சண்டை. நான் ஒரு அதட்டல் போட்டதும் அடங்கினார்கள். சமையல், தண்ணீர் பிடிப்பது, மருந்து தெளிக்கிற பம்பைக் கழுவுவது என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். கூடவே ஒரு விதி: விவசாயிகளிடம் பயிரைப் பற்றி நான் மட்டும்தான் பேசுவேன். போன வருடம் வந்த குழுவில் ஒருத்தி ஒரு அளவு சொல்ல, இன்னொருத்தி வேறு அளவு சொல்ல, ஊரே கைகொட்டிச் சிரித்ததாம். அந்தக் கூத்து என் குழுவில் நடக்காது.

தனா மட்டும், "யாராச்சும் நம்மகிட்ட நேரா கேட்டா என்ன பண்றது ரஞ்சனி?" என்றாள். தர்மபுரிக்காரி. வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் இப்படித்தான். "லீடர்கிட்ட கேளுங்கன்னு சொல்லு, முடிஞ்சுது" என்றேன்.

செப்டம்பர் 25

எங்களுக்கு ஒதுக்கிய விவசாயி கொளஞ்சி அண்ணன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒன்றரை ஏக்கர் பருத்தி போட்டிருக்கிறார். செடி முழங்காலுக்குக் கீழே, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. மனைவி வளர்மதி அக்கா. நான்காம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி. பத்து வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, போன வருடம்தான் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். இந்தப் புன்செய்க் காடு அக்காவின் அப்பா விட்டுப்போனது.

ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். அக்காதான் பதில் சொன்னாள். "பஞ்சுத் தூசி எனக்கு ஒத்துக்கல பாப்பா. ராத்திரியெல்லாம் மூச்சு இளைக்கும். டாக்டரு அந்த வேலைய விட்ரும்மான்னு சொல்லிட்டாரு. இங்க வந்தபெறகு மாத்திரையே போடல."

அண்ணன் சிரித்துக்கொண்டே, "போன வருசம் மக்காச்சோளம் போட்டோம், படைப்புழு தின்னுட்டுப் போயிடுச்சு. இந்தப் பருத்தி நின்னா இங்கயே இருந்துருவோம். இல்லன்னா மறுபடியும் பஸ்ஸுதான்" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அக்கா முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் விடுவேனா. "நாங்க இருக்கோம்ல அண்ணா. கவலைய விடுங்க" என்றேன். திரும்பி வரும்போது குழுவில் எல்லோரும் நான் பேசியதைப் புகழ்ந்தார்கள். நம்பிக்கை ஊட்டுவதுதான் தலைமை என்று முகாமில் சொன்னது எவ்வளவு சரி.

அக்டோபர் 1

முதல் செயல்விளக்கம். உளுந்தில் வரும் மஞ்சள் தேமல் என்ற வைரஸ் நோய். ஆலமரத்தடியில் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நோய் கண்ட செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை ஈ பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோய்ப் பரப்பிவிடும் என்று படம் காட்டிச் சொன்னேன்.

"பாவம் பாத்து ஒரு செடிய விட்டீங்கன்னு வைங்க, நாளைக்குப் பக்கத்துக் காட்டுக்காரரு உங்களப் பாவம் பாக்க மாட்டாரு" என்றதும் நல்ல சிரிப்பு. கொளஞ்சி அண்ணன் மட்டும் சிரிக்காமல், "பருத்திக்கும் இதே கணக்குதானா பாப்பா?" என்று கேட்டார். வைரஸ் என்றால் எல்லாப் பயிருக்கும் இதே கணக்குதான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். சொன்னால் கேட்டுக்கொள்கிற விவசாயி கிடைப்பது அதிர்ஷ்டம்.

ஞானசுந்தரம் சார் புகைப்படம் பார்த்துவிட்டுப் போனில் பாராட்டினார். அவர்தான் மன்றத்துக்கும் எங்கள் குழுவுக்கும் பொறுப்புப் பேராசிரியர். மாநில அளவில் இளம் தலைவர் விருதுக்கு என் பெயரை அனுப்பப்போகிறாராம். வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கால் தரையில் இல்லை.

அக்டோபர் 9

மக்காச்சோளத்தில் களைக்கொல்லி தெளித்துக் காட்டினோம். முடிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பம்பையும் மருந்து கலக்கிய டிரம்மையும் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்து வீட்டுக்குப் பின்னால் போட்டோம். துணியெல்லாம் சேறு. ரசம் உப்பு.

அக்டோபர் 16

இன்று மாதிரி ஒரு நாள் அமைய வேண்டும். கொளஞ்சி அண்ணன் காட்டில் பருத்திக்கு நுண்ணூட்டக் கலவை தெளித்தோம். பூவும் சப்பை என்கிற மொட்டும் உதிராமல் இருக்க இந்தப் பருவத்தில் தெளிப்பது. பத்திரிகை நிருபரையும் சார் அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கு என்றவர் ஏழரைக்கே பைக்கில் வந்து நிற்கிறார், அடுத்த ஊரில் அமைச்சர் நிகழ்ச்சியாம், சீக்கிரம் முடியுங்கள் என்கிறார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிளெக்ஸைக் கட்ட ஆள் வேண்டும், தொப்பியைக் காணோம், இந்த நேரம் பார்த்துத் தனா குழாயடியில் பம்பை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கடை திறந்ததும் சலவைச் சோடா வாங்கி வந்து ஊறப்போட்டுக் கழுவ வேண்டுமாம். "தண்ணி ஊத்திக் குலுக்குனியா இல்லையா? போதும் வா. அந்தாளு கெளம்பிட்டா யாரு பொறுப்பு?" என்று இழுத்துக்கொண்டு வந்து பிளெக்ஸின் ஒரு முனையைப் பிடிக்க வைத்தேன். அப்போதும் என்னமோ முணுமுணுத்தாள். இவளை வைத்துக்கொண்டு எப்படித்தான் கரையேறப் போகிறேனோ.

படம் எடுத்து முடித்ததும் கொளஞ்சி அண்ணன், மீதிக் காட்டுக்கும் அடித்துவிடலாமே என்றார். அதே டிரம்மில் கலக்கிக் கொடுத்தோம். அவரும் நாங்களும் மாறி மாறிப் பம்பைச் சுமந்து மதியத்துக்குள் ஒன்றரை ஏக்கரையும் முடித்துவிட்டோம். கிணற்று மூலை வரை ஒரு செடி பாக்கியில்லை. வளர்மதி அக்கா எல்லோருக்கும் கம்மங்கூழும் மோர் மிளகாயும் கொடுத்தாள். முதுகு விண்விண்ணென்று வலிக்கிறது. ஆனால் திருப்தி.

அக்டோபர் 17

பேப்பரில் வந்துவிட்டது. நான் நடுவில். அம்மா ஏழு பேருக்கு அனுப்பியிருக்கிறாள்.

அக்டோபர் 25

கொளஞ்சி அண்ணன் காலையில் கையில் ஒரு கிளையோடு வந்தார். ஒரு வாரமாகச் செடி துவண்டு துவண்டு நின்றதாம், வெயில் என்று நினைத்தாராம். இப்போது புது இலையெல்லாம் ஒடுங்கி, நீண்டு, விரல் விரலாகப் பிரிந்திருக்கிறது. பருத்தி இலை மாதிரியே இல்லை. "வெண்டைக்காச் செடில வர்ற எல மாதிரி இருக்கு. காடு முச்சூடும் இப்படித்தான் பாப்பா" என்றார்.

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மூன்றாம் ஆண்டுப் பாடப் புத்தகத்தில் இதே படம் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும். "வைரஸ் மாதிரி இருக்குண்ணா. சாரக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். பின்னால் தனா நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

அக்டோபர் 26

சார் வந்தார். காட்டில் கொஞ்ச தூரம் நடந்து ஒரு இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொளஞ்சி அண்ணனிடம், பார்க்கலாம், பயப்படாதீர்கள் என்றார். வீட்டுக்கு வந்த பிறகு, "பம்பு எங்க?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

"வைரஸ்னு சொல்லிட்டீங்க இல்ல?"

"ஆமா சார்."

"இனிமே மாத்திப் பேசாதீங்க. லேசாத்தான் பட்டிருக்கு. மூணு நாலு வாரத்துல புது எல நல்லா வந்துரும். காய் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். இப்பப் போயி எங்க பம்புல களைக்கொல்லி இருந்துச்சுன்னு சொன்னா, அடுத்த வருசம் எந்த ஊருலயும் நம்ம பிள்ளைங்களுக்கு வீடு கெடைக்காது. புரியுதா?"

புரிந்தது. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தானாகத் தெளியப்போகிற ஒன்றுக்கு எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும்?

சார் போனதும் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். பம்பு கழுவுவது தனாவின் வேலை. வேலையைப் பிரித்துக் கொடுத்தது எதற்கு? அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்திருந்தால் இந்த நிலைமை வருமா? யாரையும் தனிப்பட்டுக் குற்றம் சொல்லவில்லை என்றும் சொன்னேன். தனா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் போயி அண்ணன்கிட்ட உண்மையச் சொல்லிட்டு வரட்டுமா?" என்றாள். விதி என்ன என்று கேட்டேன். எழுந்து போய்ச் சோறு வடித்த கஞ்சியைக் கொட்டினாள்.

நவம்பர் 4

தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தோம். அம்மா அதிரசம் கட்டிக் கொடுத்திருந்தாள், பஸ்ஸிலேயே பாதி நொறுங்கிவிட்டது. தண்ணீர்க் குழாய் ரிப்பேர். ஊர் முழுக்கக் கொளஞ்சி அண்ணன் காட்டில் வைரஸ் வந்துவிட்டது என்றே பேச்சு. பால் ஊற்றுகிற அக்கா வரைக்கும் அதையே கேட்கிறாள். நாங்கள் ஊரில் இல்லாத நான்கு நாளில் ஒரு சொல் இப்படியா ஊர் சுற்றும்?

நவம்பர் 7

நல்லுசாமி வீட்டுக்கே வந்துவிட்டார். கொளஞ்சி அண்ணன் காட்டுக்கு அடுத்த காடு அவருடையது, ஆறு ஏக்கர் பருத்தி. கூடவே இன்னும் நான்கு பேர்.

"ஏம்மா, நீதான அன்னிக்கு மரத்தடில நின்னு சொன்ன, நோய் வந்தா பிடுங்கி எரின்னு? இப்ப அவன் பிடுங்காம வச்சுக்கிட்டிருக்கான். எங்க காட்டுக்கு வந்தா நீ வந்து பதில் சொல்லுவியா?"

இந்த நோய் அப்படிப் பரவாது ஐயா என்றேன். வைரஸ் பரவாதா என்று கேட்டார். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் பொறுக்க வேண்டும் என்று அவர் கேட்கும்போதே உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் கொளஞ்சி அண்ணனைப் பார்த்துத் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "பிடுங்கிடாதீங்கண்ணா. யாரு என்ன சொன்னாலும் ரெண்டு வாரம் விடுங்க." அவர் ஒரே வார்த்தையில், "தெளியும்னு உறுதியாச் சொல்லு பாப்பா, ஊரையே எதுத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றார். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "சாரக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். எத்தனை தடவைதான் இதையே சொல்வது. எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். பதினோராம் தேதி விருதுக்கான நேர்காணல், அதை முதலில் பாருங்கள், தேர்வுக் குழுவில் மூன்று பேராசிரியர்கள் என்றார்.

நவம்பர் 11

இளம் தலைவர் விருது நேர்காணலுக்காகக் கல்லூரிக்கு வந்தேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தனா போன் செய்தாள். இரண்டு வாரமாக என்னோடு பேசாதவள்.

"ரஞ்சனி, அண்ணன் அரிவாள எடுத்துக்கிட்டுப் போறாரு. நல்லுசாமி ஆளுங்களும் கூடப் போறாங்க. நான் சொல்லிடவா?"

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். "நான் வர்ற வரைக்கும் வாயத் தெறக்காத. சாயங்காலம் நானே வந்து பேசிக்கிறேன்" என்றேன்.

"அதுக்குள்ள முடிஞ்சுரும்டி."

"நான் லீடரா, நீ லீடரா?" என்று கேட்டுவிட்டுப் போனை அணைத்தேன்.

நெருக்கடியான நேரத்தில் ஒரு தலைவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு எது என்று உள்ளே கேட்டார்கள். நன்றாகப் பதில் சொன்னேன். எல்லோரும் தலையசைத்தார்கள்.

நவம்பர் 12

பிடுங்கிவிட்டார்கள்.

நவம்பர் 14

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதாமல் இருந்தால் இன்னும் மோசமாக இருக்கிறது.

நேர்காணல் முடிந்து அன்று மாலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே புகை தெரிந்தது. செடிகளைக் காட்டின் நடுவில் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். பச்சைச் செடி, எரியாமல் புகைந்துகொண்டே இருந்தது. அண்ணன் சப்பையும் பிஞ்சுமாக இருந்த கிளைகளைக் கம்பால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். வளர்மதி அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூர நின்றாள், புகை அவளுக்கு ஆகாது. தனா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டே போனதும் எழுந்து போய்விட்டாள்.

அண்ணன் என்னைப் பார்த்ததும், "பாவம் பாக்கல பாப்பா. நீ சொன்ன மாதிரியே வேரோட பிடுங்கிட்டேன்" என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார். புகைந்துகொண்டிருந்த குவியலுக்கு மேலே ஒரு கிளை கிடந்தது. அதன் நுனியில் இரண்டு இலை. சின்னதுதான். விரல் மாதிரி இல்லை. அகலமாக, நல்ல பருத்தி இலையாக வந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் அதையும் கம்பால் தள்ளினார்.

தனா கழுவியிருந்தால் இதெல்லாம் இல்லை. அதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.

நவம்பர் 15

கழுவியிருப்பாள். நான் விட்டிருந்தால்.

நவம்பர் 18

மண் மாதிரி எடுத்தோம். அறிக்கை இரண்டு அதிகாரம் முடித்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கிச் சமைத்தோம்.

நவம்பர் 21

இன்று ஊரை விட்டுக் கிளம்பினோம். மரத்தடியில் ஊர்க்காரர்கள் பிரிவு உபசாரம் வைத்தார்கள். நல்லுசாமி எழுந்து, ஊருக்காகத் தன் காட்டையே அழித்த மனுஷன் என்று கொளஞ்சி அண்ணனுக்குத் துண்டு போர்த்தினார். அண்ணனுக்கு வெட்கம். துண்டை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்களுக்கென்று அவித்த நிலக்கடலை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

"என் காட்டோட நின்னுபோச்சு பாத்தியா. அடுத்த காட்டுக்கு ஒரு செடிக்குக்கூடப் பரவல. நீங்க சொல்லிக் குடுக்கலேன்னா ஊரே போயிருக்கும்" என்றார். பருத்தி போனது போனதுதான், அடுத்த மாதம் முதலில் தான் மட்டும் திருப்பூர் போய் அறை பார்க்கப்போவதாகச் சொன்னார். மகளின் அரையாண்டுப் பரீட்சை முடிந்து பொங்கலுக்கு வந்து அக்காவையும் மகளையும் கூட்டிப்போவாராம்.

அக்காவுக்கு இளைக்குமே என்றேன். "மாத்திர இருக்குல்ல" என்றார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. கடலைப் பையை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினேன். வேனில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். தனா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

டிசம்பர் 18

மன்ற ஆண்டு விழா. இளம் தலைவர் விருது எனக்குத்தான். அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். கொளஞ்சி அண்ணன் துண்டோடு நிற்கிற படத்தைத் திரையில் போட்டு, மாணவர்களின் விழிப்புணர்வால் ஒரு கிராமத்தின் பருத்தியே காப்பாற்றப்பட்டது என்று ஞானசுந்தரம் சார் பேசினார். பேசும்போது என் பக்கம் பார்க்கவில்லை. மேடையில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இரண்டே வார்த்தைதான் பேசினேன். தன்னடக்கம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

தனா விழாவுக்கு வரவில்லை. விடுதியில் அவள் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தாள். "நீ பேசாதன்னு சொன்ன, நானும் பேசாம இருந்தேன். உன்ன மட்டும் திட்டிக்கிட்டிருக்க முடியல ரஞ்சனி, அதான் கஷ்டமா இருக்கு" என்றாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

கேடயம் மேசையில் இருக்கிறது. அதன் மேல் துணியைப் போட்டு வைத்திருக்கிறேன். தூங்கவும் முடியவில்லை, யாரிடமும் பேசவும் பிடிக்கவில்லை. தலைமைப் பண்பு வளர்ந்துவிட்டதாம் எனக்கு.

ஜனவரி 11

மேலக்கரைப்பட்டிக்குப் போய்விட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எதற்குப் போகிறேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்து என்னையே கேட்டுக்கொண்டு போனேன். சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் அவர்கள் திட்டட்டும், அடிக்கட்டும், கல்லூரியில் போய்ப் புகார் கொடுக்கட்டும். அவ்வளவுதான் யோசித்து வைத்திருந்தேன்.

வளர்மதி அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் விளையாடப் போயிருந்தாள். "வா பாப்பா" என்றாள். வியப்பெல்லாம் இல்லை. "நீ வருவேன்னு நெனக்கல. வந்ததும் நல்லதுதான். ஒண்ணு காட்டணும், வா."

காட்டுக்குக் கூட்டிப்போனாள். வெறும் கரிசல், வெடித்துக் கிடந்தது. கிணற்று மூலையில் ஆமணக்குக்குப் பின்னால் நான்கு பருத்திச் செடி நின்றது. அன்றைக்கு யார் கண்ணிலும் படாமல் தப்பியவை. அடியில் அந்தப் பழைய விரல் இலைகள் காய்ந்து தொங்கின. அதற்கு மேலே முழுக்க நல்ல இலை. செடி என் இடுப்புக்கு மேல் வளர்ந்து, காய் வெடித்து, பஞ்சு பளிச்சென்று நின்றது.

"நோய் வந்த செடி தானாவே பொழைக்குமா பாப்பா?"

அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. செடியைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் சொன்னேன். நோயே இல்லை அக்கா என்று ஆரம்பித்தேன். பம்பைச் சொன்னேன், நிருபரைச் சொன்னேன், சார் சொன்னதையும், அன்றைக்குப் போன் வந்ததையும் சொன்னேன். தனா பெயர் ஒரு தடவை வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எல்லாம் நான்தான் என்றேன். சொல்லிக்கொண்டே வரும்போது அது உண்மைதான் என்று தெரிந்தது.

அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "பிடுங்காம விட்டிருந்தா?"

"முக்காவாசியாச்சும் தேறியிருக்கும்க்கா."

அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. மண்கட்டி ஒன்றை எடுத்து விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அண்ணனுக்கு இப்போதே போன் செய்து நானே சொல்லிவிடுகிறேன், காலில் விழுகிறேன் என்று போனை எடுத்தேன்.

"வைய்யி அத." குரல் உயரவில்லை. "தெனமும் போன்ல என்ன பேசுறாரு தெரியுமா? கம்பெனில கூட வேல செய்யிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டாராம். என் காட்ட அழிச்சு ஊரக் காப்பாத்துனேன், எனக்குத் துண்டு போத்துனாங்கன்னு. அங்க போயி நிக்கிறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு அந்த மனுசனுக்கு. உனக்கு மனசு ஆறணும்னு அதையும் எடுத்துக்குவியா?"

நான் போனைப் பைக்குள் போட்டேன்.

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்க்கா?"

"ஒண்ணுஞ் செய்ய வேணாம். வச்சுக்க. நானும் வச்சுக்குறேன்."

எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் செடியின் அடியைப் பிடித்தாள். என்னக்கா செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "நாளான்னிக்கு வர்றாரு. காட்ட ஒரு சுத்துச் சுத்திப் பாக்காம போகமாட்டாரு" என்றாள்.

செடி அசையவில்லை. நன்றாக வேர் பிடித்திருந்தது. இன்னொரு தடவை இழுத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இளைப்பு சத்தம் எனக்குக் கேட்டது. "பாத்துக்கிட்டு நிக்கிறியே, புடி" என்றாள்.

பிடித்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்ததில் முதல் செடி வந்தது, பிறகு இரண்டாவது, மூன்றாவது. காய் தெறித்துப் பஞ்சு தரையில் விழுந்தது. அக்கா அதை ஒன்று விடாமல் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். எரித்தால் புகை தெரியும் என்று செடிகளைக் கிணற்றுக்குள் போடச் சொன்னாள்.

நான்காவது செடிக்கு அவளால் முடியவில்லை. இருமிக்கொண்டே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அதில் இன்னும் பூ இருந்தது. நான் தனியாகத்தான் பிடுங்கினேன்.